அச்சம் சூழும் வேளையில் ஆண்டவரின் காவல்



பூச்சோங் வட்டாரத்தில் நான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஆனால், பள்ளியைச் சுற்றிலும் ஒரு பால்மரம்கூடக் கிடையாது. லயங்கள் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கடை வரிசை நிற்கிறது. என்றாலும், என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர், பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள்தாம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இன்னும் செம்பனைத் தோட்டங்களில் குடியிருப்பவர்கள். நம் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதுதான் அச்சம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாளும் விடாமல் பெய்தது. எங்களுக்கு வெகு தூரமில்லாத ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இடைவேளையின்போது என் மேசைக்கு வந்தான். "டீச்சர், மழை பேஞ்சப்ப எங்கம்மா ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஆனா தண்ணி வீட்டுக்குள்ள வந்திருச்சி. கடவுளுக்குக் கேக்கலையா?" என்று கேட்டான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மழுப்பக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதே அது. நானும் அப்படியே சொன்னேன். "திங்கட்கிழமை சொல்றேன், ஐயா" என்றேன். அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

நான் கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்ந்தவள். ஆதலால், அந்த நம்பிக்கையின் மொழியில்தான் என்னால் இதைப் பேச முடியும். வேறு சமயங்களைச் சார்ந்த நேயர்கள் தங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். பயம் வரும்போது, அது எந்தச் சமயத்து வீடு என்று பார்த்து வருவதில்லை அல்லவா?

அந்தச் சிறுவனின் கேள்விக்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. உன் தாயார் சரியாக ஜெபிக்கவில்லை, விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிடுவது ஒன்று. கடவுளாவது, கேட்பதாவது என்று கைவிரித்துவிடுவது மற்றொன்று. முதல் விடை துன்பப்பட்டவர் மீதே குற்றத்தையும் சுமத்துகிறது. இரண்டாம் விடை அந்தத் தாய்க்கு இரவெல்லாம் துணையாக இருந்ததைத் தட்டிப் பறிக்கிறது. இரண்டையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே, நம் மக்கள் இதைவிடப் பெரிய அச்சத்தை எப்படிக் கடந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. தோட்டத்துத் துரைமார்களில் சிலர் ஓடிப்போனார்கள், சிலர் சிறைப்பட்டார்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, தொழிலாளருக்குச் சம்பளம் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை உடுத்திய காலம் அது.

அதற்கும் மேலாக வந்தது சயாம் ரயில். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தூரத்துக்கு, காட்டையும் மலையையும் வெட்டி இருப்புப் பாதை போட ஜப்பானிய இராணுவம் தீர்மானித்தது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரின் கதை இதைவிடக் கொடியது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அனைவரையும் சேர்த்து, அந்தப் பாதையில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்து நிற்கின்றன. நம்மவர்களில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை; பெயரும் இல்லை. நம் எழுத்தாளர்களான ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இந்தத் துயரத்தை நாவல்களாக எழுதியிருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது கிள்ளான் மாவட்டத் தோட்டம் ஒன்றில் இருந்தார். 1943-இல் தாத்தாவை லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொன்னார்களாம். பாட்டியின் இடுப்பில் என் அப்பா, ஒரு வயதுக் குழந்தை. லாரி மண்சாலையில் திரும்பி மறையும் வரையில் பாட்டி பார்த்துக்கொண்டே நின்றார். தாத்தா திரும்பி வரவில்லை. எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்ற விவரமும் வரவில்லை. பாட்டி ஒவ்வோர் இரவும் முழங்காலில் நின்று அவருக்காக ஜெபித்தார். போர் முடிந்து, உடன் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த பிறகும், பல ஆண்டுகள் ஜெபித்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, என் மாணவன் என்னிடம் கேட்ட அதே கேள்வியை நான் பாட்டியிடம் கேட்டேன். "ஏன் பாட்டி, சாமி தாத்தாவைக் காப்பாத்தலையே?" என்றேன். பாட்டி கோபப்படவில்லை. சற்று நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "அது எனக்குத் தெரியாதும்மா. அவர்கிட்டப் போயித்தான் கேக்கணும். ஆனா என்னையும் உங்கப்பனையும் யார் யாரைக் கொண்டு காப்பாத்தினாருன்னு கேளு, சொல்றேன்" என்றார்.

பிறகு பாட்டி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பக்கத்து லயத்துக் கிழவி, மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிப்பவர். தன் பங்கு மரவள்ளியில் பாதியைத் தினமும் குழந்தைக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். சீனக் கடைக்காரர் ஒருவர் கணக்கில் எழுதாமல் உப்புக் கொடுத்தார். ஆற்றோரக் கம்போங்கைச் சேர்ந்த மலாய்க்கார மூதாட்டி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது இலை அரைத்துக் கொடுத்து, இரண்டு இரவு உடனிருந்தார். பாட்டி எண்ணி முடித்தபோது இரண்டு கை விரல்களும் போதவில்லை.

நேயர்களே, ஒரு கேள்விக்கு விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மற்றொரு கேள்விக்கு விடை தெரியும் என்று சொன்ன என் பாட்டியின் நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். படிப்பறியாத அந்தத் தாய் சொன்னதையும், அதே போரில் துன்புற்ற ஒரு பேராயர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவர் பெயர் லியோனர்ட் வில்சன். 1941 முதல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர். கோலாலம்பூரும் கிள்ளானும் உட்பட மலாயா முழுவதும் அப்போது அவருடைய மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஜப்பானியர் வந்த பிறகும் ஓராண்டு காலம் அவரால் ஊழியம் செய்ய முடிந்தது. ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி தாமும் ஒரு கிறிஸ்தவராக இருந்து அதற்கு உதவினார். 1943 மார்ச்சில் வில்சன் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். தமிழரான டி. டி. செல்லையா போன்ற ஆசிய குருமார் திருச்சபைப் பணியைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்துச் சேதமடைந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த நேச நாட்டு வீரர்களின் செயல் அது. ஆனால், ஜப்பானிய இராணுவக் காவல் துறையான கெம்பித்தாய், சாங்கி கைதிகள்மீது சந்தேகம் கொண்டது. அக்டோபர் 10-ஆம் நாள் சிறையில் சோதனை நடந்தது. 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். வில்சனும் பிடிபட்டு, நாட்கணக்கில் அடிபட்டு, மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்.

போர் முடிந்த பிறகு, 1946-இல், வானொலி உரை ஒன்றில் அவர் இதைப் பற்றிப் பேசினார். அடித்தவர்கள் அவரிடம், நீ கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார்களாம். நம்புகிறேன் என்றார். அப்படியானால் உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்டார்கள். அவர் காப்பாற்றுகிறார், வலியிலிருந்து என்னை விலக்கி அல்ல, வலியைத் தாங்கும் ஆவியைத் தந்து காப்பாற்றுகிறார் என்னும் பொருளில் வில்சன் பதில் சொன்னார். அடித்தவர்களை வெறுக்காமலிருக்கவும் வழி தேடினார். இவர்களும் ஒரு காலத்தில் தாய் மடியில் விளையாடிய குழந்தைகள்தாமே என்று எண்ணிப் பார்த்தாராம். போருக்குப் பின் அவர்களில் ஒருவர் கிறிஸ்தவராகி, அதே பேராயரின் கைகளால் திடப்படுத்தல் பெற்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒருவர் தம்முடைய துன்பத்தைப் பற்றி இப்படிச் சொல்லலாம். சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. அடுத்தவரின் துன்பத்தைப் பார்த்து, 'தாங்கும் ஆவியைக் கடவுள் தருவார், பொறுத்துக்கொள்' என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. அது விசுவாசம் அன்று, சோம்பல்.

அப்படியானால் திருமறை நமக்கு எதை வாக்களிக்கிறது? கிறிஸ்தவ வீடுகளில் பயம் வந்தால் 91-ஆம் சங்கீதத்தை எடுப்பது வழக்கம். உன்னதமானவரின் மறைவில் ஒதுங்கியவனுக்கு இரவின் பயமும் பகலின் ஆபத்தும் கொள்ளைநோயும் தீங்கு செய்யாது, தேவதூதர்கள் அவனைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற கருத்தைப் பாடும் சங்கீதம் அது. எத்தனையோ பேர் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே பதுங்கு குழியில் கிடந்திருக்கிறார்கள். 1945 மார்ச் 10-ஆம் நாள், கோலாலம்பூர் ரயில் நிலைய வளாகத்தைக் குறிவைத்த குண்டுகள் அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தைத் தகர்த்தன. பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே ஊழியர்களான தமிழர்கள் நிறைந்து வாழ்ந்த இடம் அது. அந்த நாட்களில் அங்கே எத்தனை வீடுகளில் ஜெபம் எழும்பியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால், நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டில் இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுபவன் யார் தெரியுமா? சோதனைக்காரன்! மத்தேயு, லூக்கா இருவருமே தங்கள் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இதை எழுதியிருக்கிறார்கள். தேவாலயத்தின் உச்சியில் இயேசு பெருமானை நிறுத்தி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே, கீழே குதியும் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்கலாகாது என்று மறுத்துவிடுகிறார். அந்தச் சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கொண்டு பந்தயம் கட்டக் கூடாது என்றார். நம்பிக்கைக்கும் பந்தயத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அதே இயேசு, சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் கலங்கினார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று மன்றாடினார். அவரும் அஞ்சினார், நேயர்களே! ஆகவே, பயப்படுவது பாவம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயத்தோடு ஆண்டவரிடம் போவதுதான் ஜெபம். அவர் கேட்டபடி அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. ஆயினும், 'உம்முடைய சித்தம்' என்று சொல்லி எழுந்து நடக்கும் பலம் அவருக்குக் கிடைத்தது. தானியேலின் புத்தகத்தில் வரும் மூன்று இளைஞரும் நெருப்புச் சூளையின் முன்னே நின்று, எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், அவர் விடுவிக்காமற் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்றுதான் அரசனிடம் கூறினார்கள். விடுவிக்காமற் போனாலும் என்று சொல்லக்கூடிய நம்பிக்கையே எந்தத் துன்பத்திலும் நிலைத்து நிற்கும்.

சரி, ஜெபித்துவிட்டு நாம் என்ன செய்வது? இதற்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். கப்பலில் 276 பேர். 14 நாள் புயல். ஒருவரும் சாக மாட்டார்கள் என்று தேவதூதன் தமக்குச் சொன்னதாகப் பவுல் அறிவிக்கிறார். அப்படி வாக்குக் கிடைத்த பிறகு அவர் கைகட்டி உட்கார்ந்தாரா? இல்லை. மாலுமிகள் சிலர் சிறு படகில் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று தடுத்துவிட்டார். பல நாளாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொன்னார். தாமும் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக நன்றி செலுத்திச் சாப்பிட்டார். முடிவில் கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். வாக்கு நிறைவேறியது. ஆனால், மாலுமியும் அப்பமும் பலகையும் அதில் சேர்ந்திருந்தன.

சயாம் பாதையிலும் இதே உண்மை கண்ணீரோடு விளங்குகிறது. 1943-இன் மழைக்காலத்தில் அங்கே வாந்திபேதி பரவியது. போர்க்கைதிகளின் முகாம்களிலும் பரவியது. நம் தொழிலாளரின் முகாம்களிலும் பரவியது. கைதிகளோடு அவர்களுடைய சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அவர்களில் புகழ்பெற்றவர். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் தோய்த்த பிறகே உணவு வாங்க வேண்டும். கழிப்பிடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அந்த முகாம்களில் இருந்தன. மருந்தில்லாத நிலையிலும் மூங்கிலைக் குழாயாகக் கொண்டு உப்புநீர் ஏற்றினார்கள். நம் மக்களுக்கோ பெரும்பாலும் மருத்துவர் இல்லை, வழிநடத்த ஆளில்லை, எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை. ஆற்று நீரை அப்படியே குடித்தார்கள். கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள்.

கைதிகள் அதிகம் ஜெபித்தார்கள், நம்மவர்கள் குறைவாக ஜெபித்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? ஒருக்காலும் முடியாது. கொதிக்கவைத்த தண்ணீரும், அதைக் கொதிக்கவைக்கச் சொல்லித்தர ஒரு மனிதரும் இருந்ததே வேறுபாடு. அந்த மனிதரை நம் மக்களுக்குக் கிடைக்காமல் செய்தது கடவுள் அன்று; மனிதரை மனிதராக மதிக்காத இராணுவம்தான் அந்தக் குற்றத்தைச் செய்தது. எல்லாப் பழியையும் கடவுள்மீது போட்டுவிட்டால், மனிதர் செய்த குற்றம் மறைந்துபோகும்.

ஆகவேதான், ஆண்டவரின் காவல் என்பது பெரும்பாலும் மனிதக் கைகளின் வழியாகவே வருகிறது என்று நான் நம்புகிறேன். 2021 வெள்ளத்திலும் அதைக் கண்டோம். எங்கிருந்தோ முன்பின் அறியாத இளைஞர்கள் படகுகளைக் கொண்டுவந்து, கூரையில் நின்றவர்களை இறக்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் பல இன, பல சமய மக்கள் ஒன்றாக நின்று, பாதிக்கப்பட்டவர்களுக்காக உணவு சமைத்தார்கள். சீக்கியர் சமைத்ததை மலாய்க்காரர் பொட்டலம் கட்ட, தமிழர் வாங்கிச் சாப்பிட்டால், அதில் எந்தக் கை கடவுளின் கை என்று பிரித்துப் பார்க்க முடியுமா?

இனி, தாய்மார்களே, பெரியோர்களே, பயமான காலத்தில் வீட்டில் நாம் கைக்கொள்ளக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளிடம் பொய்யான வாக்குறுதி கொடுக்காதீர்கள். 'ஒன்றும் ஆகாது, சாமி பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லிவிட்டு, பிறகு ஏதாவது நடந்துவிட்டால், பிள்ளை உங்களையும் நம்பாது, சாமியையும் நம்பாது. 'என்ன நடந்தாலும் நாங்கள் உன்னோடு இருப்போம். ஆண்டவரும் நம்மோடு இருப்பார்' என்று சொல்லுங்கள். இந்த வாக்கை நீங்கள் காப்பாற்ற முடியும். 'குறும்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, இடி இடிக்கும்போது அந்தச் சாமியிடம் எப்படி ஓடிவரும்?

இரண்டாவது, இரவில் குடும்பமாகச் சேர்ந்து ஜெபியுங்கள். நீளமாக இருக்கத் தேவையில்லை. எதற்காகப் பயப்படுகிறோமோ அதைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். வேலை போய்விடுமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ, ஆஸ்பத்திரியிலிருந்து என்ன முடிவு வருமோ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயால் சொன்ன பயம் பாதி குறைகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயங்கள் எல்லாம் மூடப்பட்டபோது, பலர் தங்கள் சொந்த வீட்டில் ஜெபிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, ஜெபித்து முடித்ததும் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். நெகேமியா எதிரிகளுக்கு அஞ்சியபோது ஜெபமும் செய்தார். இரவும் பகலும் காவலும் வைத்தார். தாழ்வான இடத்தில் குடியிருந்தால், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து மேலே வையுங்கள். அவசரத்துக்கு 999 என்ற எண்ணைப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். வெள்ளம் வடிந்தபின் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சேற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் புண்ணோடு இறங்காதீர்கள். வெள்ளத்துக்குப் பின் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பவுலின் நண்பர் லூக்காவே ஒரு மருத்துவர்தாம்.

நான்காவது, காவலை விலைக்கு விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'இவ்வளவு காணிக்கை கொடு, உன் வீட்டுக்கு எந்தத் தீங்கும் வராது' என்று சொல்பவர், எந்தச் சமயத்தின் உடை அணிந்திருந்தாலும், தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவனின் குரலில்தான் பேசுகிறார். அதுபோலவே, கைத்தொலைபேசியில் வரும் திகில் செய்திகளை உண்மையா என்று விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வதந்தியும் ஒரு தொற்றுநோய்தான்.

கடைசியாக ஒன்று. நாம் பயந்திருக்கும் நேரத்தில், நம்மைவிட அதிகமாகப் பயந்திருப்பவர் பக்கத்திலேயே ஒருவர் இருப்பார். இன்று தோட்டத்தில் உங்களோடு வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரருக்கும் இந்தோனேசியருக்கும் ஊரில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் என்று சொல்லிப் போன என் தாத்தாவைப் போல, அவர்களும் வாக்கை நம்பித் தூர தேசம் வந்தவர்கள்தாம். அவர்களுக்கு நோய் வந்தால் ஒரு கோப்பைக் கஞ்சி கொடுங்கள். அவர்கள் வீட்டில் யாரோ ஒரு தாய் செய்யும் ஜெபத்துக்கு நீங்களே விடையாக இருக்கக்கூடும். என் தாத்தாவுக்கும் அந்தச் சயாம் காட்டில் யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று பாட்டி நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் தம் வாசலுக்கு வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

திங்கட்கிழமை அந்த மாணவனை அழைத்தேன். அவன் மறந்திருப்பான் என்று நினைத்தேன்; மறக்கவில்லை. "தண்ணி ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சின்னு எனக்கு முழுசாத் தெரியாது, ஐயா. மழை அதிகம், வடிகாலும் போதல, அது பெரியவங்க சரிசெய்ய வேண்டிய வேலை. ஆனா, தண்ணி வந்தப்ப உங்களுக்கு யாரு உதவி செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

அவன் சற்று யோசித்தான். "மாடி வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து விட்டாங்க. அங்கிள் ஒருத்தர் தங்கச்சியத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. சூராவில சோறு குடுத்தாங்க. அம்மா விடிய விடிய என் கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க" என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.

என் பாட்டி எண்ணியது போலவே எண்ணினான். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் வாழ்வின் பயமான நாட்களில் உங்களைத் தாங்கிய கைகள் எத்தனை? அந்தக் கைகளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். விடை தெரியாத கேள்விகளையும் அவர் முன்னிலையிலேயே வையுங்கள். அவர் அவற்றைக் கேட்டுக் கோபிப்பவர் அல்லர். பிறகு நிம்மதியாக உறங்குங்கள். காலையில் எழுந்ததும், யாருக்காவது அப்படி ஒரு கையாக இருங்கள்.